ரிங் கட்டை எடுத்தது யார்?

"ஆனையைச் சந்தேக நபர் எண்டு போட்டா கேஸ் முடிஞ்சுது அக்கா. அடையாள அணிவகுப்புக்குத்தான் இடம் காணாது."

இஷாமின் பகிடிக்குச் சுலோஜனா சிரிக்கவில்லை. வரம்பில் குந்தியிருந்து, கிழக்கே சதீசனின் வாடிக் குடிசையையும் மேற்கே காட்டோரம் நின்ற பரணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் நடுவே விளைந்து தலைசாய்ந்த நெல் வேளாண்மை. அதன் குறுக்கே, பெரிய பாய் ஒன்றை யாரோ இழுத்துக்கொண்டு போனதுபோல யானை நடந்த தடம்.

"ரிங் கட்டை ஆரோ எடுத்திருக்காங்க," என்றாள். "ரிங் கட்டை எடுக்கிற மனிசனை நீ கண்டிருக்கியா?"

"எங்கட வாப்பா எடுப்பாரு. எடுத்திட்டு, 'ஏன்டா இன்னும் கட் பண்ணல்ல' எண்டு ஏசுவாரு."

சுலோஜனா பொலிசில் இருந்தவள். மேலதிகாரி ஒருவரின் மருமகனைப் பிடித்து உள்ளே போட்ட பிறகு, பொலிசுக்கும் அவளுக்கும் சரிவரவில்லை. இப்போது கோட்டைமுனையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே 'தனியார் விசாரணை' என்று பலகை தொங்குகிறது. இஷாம் காத்தான்குடியில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். சுலோஜனா கூப்பிட்டால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து அவளுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுவான், பூட்டிய போன்களைத் திறந்து கொடுப்பான், கேட்காமலே பகிடி விடுவான்.

வவுணதீவுப் பக்கத்து இந்த வயல் வட்டையில் காவல்காரர்களுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. காட்டோரப் பரணில் இருப்பவன் யானையைக் கண்டால் வாடிக்காரனுக்கு ஒரு ரிங் கொடுத்துக் கட் பண்ணுவான். அதுதான் ரிங் கட். வாடிக்காரன் போனை எடுக்கக்கூடாது. ரிங் கேட்டதும் பெரிய லைட்டைப் போட்டு யானை வெடியைக் கொளுத்தவேண்டும். கதை பேசினால் யானை நடந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

போன வெள்ளி இரவு பரணில் இருந்தவர் நல்லரத்தினம். வாடியில் இருந்தவன் சதீசன். லைட் எரியவில்லை, வெடி வெடிக்கவில்லை. நல்லரத்தினம் டோச் லைட்டோடு தனியாக இறங்கினார். யானை அவரைத் தூக்கி வரம்பில் எறிந்துவிட்டுப் போனது. உயிர் தப்பியது. இரண்டு கால்களும் முறிந்து, இனி வயலில் இறங்குவாரா என்று டொக்டர்மார் இன்னும் சொல்லவில்லை.

பொலிசுக்குக் கணக்கு சுலபமாக இருந்தது. இருவருக்கும் வரம்புத் தகராறு, பேச்சுவார்த்தை இல்லை. நல்லரத்தினத்தின் போனிலிருந்து போன கோல் எடுக்கப்பட்டிருக்கிறது. கொஞ்ச நேரம் தொடர்பிலும் இருந்திருக்கிறது. சதீசனின் போனிலோ அப்படி ஒரு கோல் வந்த அடையாளமே இல்லை. ஆக, எடுத்தான், கேட்டான், சாகட்டும் என்று விட்டான், பிறகு அழித்தான். நாளைக்கு நீதிமன்றம்.

போதாக்குறைக்குச் சதீசன் பொலிசில் ஒரே ஒரு வசனம்தான் சொல்லியிருந்தான்.

"என்ட பிழைதான்."

"போன் அடிக்கவே இல்லையெண்டு எனக்குச் சத்தியம் பண்ணினார் மெடம்," என்றாள் மேனுகா. வாடிக் கம்பில் சாய்ந்து நின்றாள். சதீசனின் மனைவி, நல்லரத்தினத்தின் கூடப்பிறந்த தங்கச்சி. "நெஞ்சில வச்சுக்கொண்டு முழிச்சுத்தான் கிடந்தாராம். மறுகா ஏன் பொலிசில பிழை எண்டு சொல்றாரெண்டு கேட்டா, தலையைக் குனியிறார்."

"அண்ணன் என்ன சொல்றார்?"

"'எடுத்தது உண்மை, அதுக்கு மேல கேக்காதீங்க' எண்டு பொலிசுக்குச் சொன்னார். எனக்கு…" அவள் குரல் இறங்கியது. "'அந்த வீட்டை விட்டு வந்திரு புள்ள' எண்டார். ஏனெண்டு கேட்டா சுவரைப் பாக்கிறார். நான் ஆர்ட பக்கம் மெடம் நிக்கிற?"

சுலோஜனா மேற்கே கையைக் காட்டினாள். "இண்டைக்குப் பரணில ஆர்?"

"பிரதீஸ் எண்டு தன்னாமுனை ஆள். வட்டைக்குப் புதுசு. வட்டை விதானை கூலிக்குப் பிடிச்சிருக்கார்."

"சரி. போனைக் குடுங்க."

பொலிஸ் பார்த்துவிட்டு, நாளைக்குக் கொண்டுவரச் சொல்லித் திருப்பிக் கொடுத்த போனை மேனுகா பொலித்தீன் பையிலிருந்து எடுத்தாள். சுலோஜனா அதை வாங்காமல் இஷாமைக் காட்டினாள்.

"வாங்க சேர், உண்மையைச் சொல்லுங்க," என்று போனிடம் கும்பிடு போட்டபடி வாங்கிய இஷாம், அதைத் திருப்பியதும் வாயை மூடினான்.

பின்பக்கத்தில் ஒரு பச்சை ஸ்டிக்கர். அவனுடைய கடையின் ஸ்டிக்கர்.

பெருவிரல் தானாகப் போய் அதன்மேல் உட்கார்ந்தது.

சதீசனின் முகம் ஏன் முன்பே நினைவுக்கு வரவில்லை? போன மாதம் வட்டைக் கூட்டம் நடந்த அன்று மருத மரத்தடியில் மேசை போட்டிருந்தான். கடைக்கு விளம்பரமாக இலவச அப்டேட். வரிசையில் நின்றவர்களில் மண் காயாத கையோடு இந்தப் போனை நீட்டியவன் சதீசன்.

அந்த அப்டேட் போட்டால் போன் புதுசுபோல ஆகும். கண்ணாடிபோல மினுங்கும் முகப்பு. படத்தில் பின்னால் நிற்கும் ஆட்களைத் துடைத்தெடுக்கும் வசதி. யாராவது பறித்துக்கொண்டு ஓடினால் தானே பூட்டிக்கொள்ளும் வசதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் இங்கிலிசில் வந்து அனுமதி கேட்கும். வரிசை நீளம். இஷாம் எந்தப் பக்கத்தையும் வாசிக்கவில்லை. சரி, சரி, சரி என்று அவன் விரல் ஓடியது.

"இது என்னவாம் தம்பி கேக்குது?" என்று சதீசன் எட்டிப் பார்த்துக் கேட்டிருந்தான்.

"ஒண்டுமில்ல அண்ணன். எல்லாம் நல்லதுக்குத்தான்."

இப்போது, வாடி நிழலில், இஷாம் செட்டிங்கைத் திறந்தான். எங்கே தேடவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. 'தெரியாத நம்பர்கள்' என்ற பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான் எரிந்துகொண்டிருந்தது. பெயர் பதியாத நம்பரிலிருந்து கோல் வந்தால் போன் அடிக்காது. தானே எடுக்கும். யார், என்ன விசயம் என்று தானே கேட்கும். பதில் வராவிட்டால் சத்தமில்லாமல் ஒரு தனிப்பட்டியலில் போட்டு மூடிவிடும். பொலிஸ் பார்த்த கோல் பட்டியலில் அது வராது.

அந்தத் தனிப்பட்டியலில் ஒரே ஒரு கோல் இருந்தது. வெள்ளி இரவு.

"என்ன கிடக்கு?" சுலோஜனா கேட்டாள்.

"ஒண்டுமில்ல அக்கா," என்றான் இஷாம். "சுத்தமாக் கிடக்கு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. மருத மரத்தடியில் சொன்ன அதே 'ஒண்டுமில்ல'.

வலையிறவுப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஏறும்போது வாவிக் காற்று சட்டையை ஊதியது. கீழே வலை வீசிக்கொண்டிருந்த ஒருவனின் தொப்பி பறந்து நீரில் விழுந்தது. வேறொரு நாள் என்றால் அதை வைத்தே பட்டினம் வரைக்கும் இஷாம் பகிடி விட்டிருப்பான்.

'சொல்லு,' என்று உள்ளே ஒன்று இடித்தது. 'பாலம் முடியமுதல் சொல்லு.'

சொன்னால்? ஒரு மனிதனின் இரண்டு கால்கள். கடைப் பெயர் ஊரெல்லாம் நாறும். அதற்குப் பயந்தானா? இல்லை என்று தன்னிடமே வாதாடிப் பார்த்தான். ஓம் என்றுதான் பதில் வந்தது. அந்த ஓமை நினைக்க இன்னும் வெட்கமாக இருந்தது. பொலிஸ் கூண்டில் ஒருவன் குந்தியிருக்கிறான். இவன் கடைப் பலகையை யோசிக்கிறான்.

பாலம் முடிந்தது. அவன் சொல்லவில்லை.

"தொப்பியைக் கண்டியா?" பின்னாலிருந்து சுலோஜனா கேட்டாள்.

"ஓம்."

"ம்," என்றாள்.

ஆஸ்பத்திரியில் நல்லரத்தினம் இரண்டு கால்களிலும் மாவுக்கட்டோடு கிடந்தார். அவர்களுக்கு முன்னமே பஸ்ஸில் புறப்பட்டு வந்திருந்த மேனுகா காலடியில் நின்றாள். அண்ணனும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கு நிறையப் பாடுபட்டார்கள்.

"மேனுகா, அண்ணனுக்கு ஒரு செவ்விளநீர் வாங்கிட்டு வாங்களன்," என்றாள் சுலோஜனா. அவள் போகும்வரை பார்த்திருந்து, கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டாள்.

"இப்ப சொல்லுங்க அண்ணன். எடுத்தது ஒரு பொம்பிளை, என்ன?"

நல்லரத்தினத்தின் தலை சுவரிலிருந்து திரும்பியது. "உனக்கு ஆர் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. மச்சான் எடுத்திட்டு வராம விட்டிருந்தா நீங்க பொலிசில கத்தியிருப்பீங்க. நீங்க வாயை மூடிட்டீங்க. தங்கச்சியை மட்டும் வீட்டை விட்டு வரச் சொல்றீங்க. தங்கச்சிட காதுக்குப் போகக்கூடாத விசயம் வேற என்ன இருக்கும்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"முதல் ரிங்கிலயே எடுபட்டுது. கட் பண்ண நேரமில்ல. ஒருத்தி இங்கிலிசில கதைக்கிறாள். பதட்டமில்லாம, பேங்க் கந்தோரில இருக்கிற புள்ளைகள் மாதிரி. அந்த நேரத்தில, என்ட தங்கச்சிட புருசன்ட வாடிக்குள்ள! போனைக் கட் பண்ணினன். இவனைக் கூப்பிட்டுத்தானா நான் உயிர் தப்பவேணும் எண்டு நினைச்சன். டோச்சைத் தூக்கிக்கொண்டு இறங்கினன்." மூச்சு வாங்கினார். "இதைப் பொலிசில சொன்னா நாளைக்கு ஊரே கதைக்கும். அவள் எப்பிடித் தலை நிமிந்து நடக்கிற?"

இஷாம் கையிலிருந்த போனைக் குனிந்து பார்த்தான். அந்தக் குரல் இதன் ஒரு வசதி. மருத மரத்தடியில், அரை நிமிசம்கூட எடுக்காத ஒரு 'சரி'. அதற்குள்ளிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, இந்த மனிதரைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறாள்.

"இஷாம்," என்றாள் சுலோஜனா, திரும்பாமலே. "பெருவிரலை எடு."

ஸ்டிக்கர்மேல் இருந்த விரல் இன்னும் அழுத்தியது.

"போனை வாங்கின நேரத்தில இருந்து உன்ட விரல் ஒரே இடத்தில நிக்குது. அதுக்குள்ள என்ன இருக்கெண்டு நான் பாக்கல்ல. பாக்கத் தேவையுமில்ல. பாலத்தில ஒரு தொப்பி பறந்து போகுது, நீ ஓம் எண்டு மட்டும் சொல்றாய். நீயே சொல்றியா, நான் சொல்லவா?"

இஷாம் விரலை எடுத்தான். பச்சை ஸ்டிக்கர் வியர்வையில் ஊறிச் சுருங்கியிருந்தது.

"உங்கட போனைத் தாங்க அக்கா," என்றான்.

அவளுடைய போனிலிருந்து சதீசனின் நம்பரை அமத்தி ஸ்பீக்கரில் போட்டான். உள்ளங்கையில் கிடந்த சதீசனின் போன் அடிக்கவில்லை, அதிரவில்லை. ஆனால் சுலோஜனாவின் போனில் கோல் எடுபட்டது. பதட்டமில்லாத ஒரு பெண் குரல் இங்கிலிசில், நீங்கள் யார், என்ன விசயமாக எடுக்கிறீர்கள் என்று கேட்டது.

நல்லரத்தினம் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். "இவள்தான்! இவள்தான் அவள்!"

"இவள் ஒருத்தியுமில்ல அண்ணன்," என்றான் இஷாம். "போன்தான் கதைக்குது. நான்தான் கதைக்க விட்டன். போன மாதம் புது அப்டேட் போட்டது நான். தெரியாத நம்பரை நானே எடுத்து விசாரிக்கவா எண்டு அது கேட்டிச்சு. நான் வாசிக்கல்ல, சரி எண்டு அமத்திட்டன். சதீசன் அண்ணன் என்னெண்டு கேட்டார். ஒண்டுமில்ல எண்டன். காலையில வாடியிலயே எனக்கு விளங்கிட்டு. அக்காட்டையும் ஒண்டுமில்ல எண்டன்."

வார்ட்டில் யாரோ இருமினார்கள். நல்லரத்தினம் இஷாமைத் திட்டுவார் என்று சுலோஜனாகூட எதிர்பார்த்திருக்கவேண்டும். கதிரையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். அவர் இஷாமைப் பார்க்கவே இல்லை.

"அப்ப அவன் முழிச்சுக் கிடந்திருக்கான்," என்றார். "நான் அவனை என்னெல்லாம் நினைச்சுப்போட்டன்."

"என்ன நினைச்ச?"

வாசலில் மேனுகா. கையில் செவ்விளநீர். எவ்வளவு நேரம் நின்றாளோ, முகத்தில் எல்லாம் தெரிந்தது.

"அவரோட ஒரு பொம்பிளையா? இங்கிலிசிலயா?" என்றாள். "அண்ணா, அந்த மனிசன் எனக்குச் 'சாப்பிட்டியா' எண்டு கேக்கிறதுக்கே அரை நாள் யோசிக்கும்." சிரிப்பாகத் தொடங்கியது அழுகையில் போய் நின்றது. இளநீரை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். பிறகு இஷாமிடம் திரும்பினாள்.

"தம்பி, நான் கோல் எடுத்தா அவருக்கு அடிக்குதே. அண்ணன்ட கோலை மட்டும் ஏன் அது தெரியாத ஆள் எண்டு பிடிச்ச?"

இஷாமுக்குப் பதில் தெரியும். சதீசன் மச்சானின் பெயரைப் போனிலிருந்து அழித்திருக்கிறான். பெயர் இருந்திருந்தால் போன் அடித்திருக்கும். கூண்டுக்குள் தலையைக் குனிந்து அவன் சொல்லிக்கொண்டிருக்கும் 'என்ட பிழை' அதுதான். யானையைக் கண்டவனின் ரிங் எங்கே போனது என்று அவனுக்குத் தெரியாது. பெயரை அழித்ததால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அது பாதி சரியாகவும் இருக்கிறது.

"அது… அப்டேட்டில ஒரு கோளாறு அக்கா," என்றான். "எல்லாம் என்ட பிழை."

சுலோஜனா அவனை ஒரு தரம் பார்த்தாள். திருத்தவில்லை.

"பொய் சொல்லாத தம்பி," என்றார் கட்டிலில் கிடந்தவர். "வரம்புச் சண்டை நடந்த அண்டைக்கு நான் அவன்ட பேரை அழிச்சன். அவனும் என்டதை அழிச்சிருப்பான். அவனுக்கும் எனக்கும் ஒரே புத்தி."

"தெரியும் அண்ணன்," என்றாள் சுலோஜனா மெதுவாக. "ஸ்டேஷன்ல உங்கட போனைப் பாத்தன். பேரில்லாத வெறும் நம்பர். பரணில, இருட்டுக்குள்ள, மனப்பாடமா அமத்தியிருக்கீங்க."

"பேரை அழிச்சா நம்பர் மறக்குமா?" நல்லரத்தினம் இப்போதுதான் இஷாமை நேராகப் பார்த்தார். மன்னித்த பார்வை இல்லை. மன்னிக்காத பார்வையுமில்லை. "அந்தப் போனைக் கொண்டா. என்ட நம்பரைப் போடு."

இஷாம் போட்டான். "பேர் என்னெண்டு போட?"

"மச்சான் எண்டு போடு. வேற என்னெண்டு போடுவாய்?"

நல்லரத்தினம் சொன்னதையும் அந்த அப்டேட் விசயத்தையும் சுலோஜனா பொலிஸ் ஓ.ஐ.சி.க்குப் போனில் சொன்னாள். வாக்குமூலம் எடுக்க ஒரு கொன்ஸ்டபிள் புறப்பட்டார். பின்னேரத்துக்குள் சதீசன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று மேனுகாவிடம் சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். இஷாம் பின்னால் வந்தான். ஏதாவது சொல்லவேண்டும், மன்னிப்புப் போல ஒன்று.

"அக்கா, நான் காலையிலயே…"

சுலோஜனா நடுப்படியில் நின்றுவிட்டாள்.

"இஷாம். மருத மரத்தடியில சதீசன் மட்டுமா நிண்டான்?"

வெயில் சாய்ந்திருந்தது. இஷாமின் கண்முன் அந்த மேசை வந்தது. வரிசை. மண் காயாத கைகள். அந்த வட்டையில் வாடி வைத்திருக்கும் அத்தனை பேரும்.

"அவங்கட போன்ல ஒருத்தர் ஒருத்தர்ட பேர் இருக்கும் அக்கா. தெரிஞ்ச நம்பரெண்டா அடிக்கும்."

"பிரதீசுட நம்பர் ஆர்ட போன்ல இருக்கு?"

தன்னாமுனைக்காரன். வட்டைக்குப் புதுசு. இன்று இரவு பரணில் இருக்கப்போகிறவன்.

இஷாம் மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினான்.

பாலத்தில் ஏறும்போதே சுலோஜனா வயல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானைக்குக் கோல் எடுத்தாள். அவருடைய போன் நிறுத்தப்பட்டிருந்தது. அவர்கள் வட்டைக்குள் இறங்கியபோது சூரியன் காட்டு மரங்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிரதீஸ் பரணில் ஏறிவிட்டான் என்று தூரத்தில் தெரிந்த அவன் இடுப்புச் சாரம் சொன்னது. சுலோஜனா வரம்பு வழியே பரணை நோக்கி நடந்தாள். இஷாம் முதல் வாடிக்குப் போனான்.

வாடிக்காரர் விறகுக்குத் தீ மூட்டிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்ன தம்பி, மறுகாவும் அப்டேட்டா? போன தரம் போட்டது நல்லாருக்கு. இந்தா." போனை நீட்டிவிட்டுத் தீயை ஊதக் குனிந்தார். "கேக்கிறதுக்கெல்லாம் சரி எண்டு குடு."

போன் அவன் கையில் சூடாக இருந்தது. பெருவிரலுக்குப் பாதை தெரியும், கண்ணை மூடிக்கொண்டே போய் அந்தப் பச்சையை அணைத்துவிட்டு வந்துவிடும். அவர் பார்க்கவும் மாட்டார், கேட்கவும் மாட்டார்.

இஷாம் அவருக்குப் பக்கத்தில் குந்தினான்.

"இல்லண்ணன். இஞ்ச பாருங்க. இதில என்ன கேட்டிருக்கெண்டு நான் வாசிக்கிறன். சரியா, இல்லையா எண்டு நீங்க சொல்லுங்க. போன மாதம் நான் வாசிக்காம அமத்திட்டன். அதாலதான் நல்லரத்தினம் அண்ணன் ஆஸ்பத்திரியில கிடக்கார்."

அவர் ஊதுவதை நிறுத்தினார். புகை இருவருக்கும் நடுவே எழுந்தது. இஷாம் வரி வரியாக வாசித்தான். அவர் கேட்டார், இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார், கடைசியில் தன் விரலாலேயே அந்தப் பொத்தானை அணைத்தார். ஒரு பகிடியும் அவர் சொல்லவில்லை. இஷாமும் சொல்லவில்லை.

இஷாம் மேற்கே கையைக் காட்டினான். பரணடியில் நின்ற சுலோஜனா மேலே பிரதீசைப் பார்த்துத் தன் கையை உயர்த்தினாள்.

வாடிக்காரரின் கையில் போன் அடித்தது. ஒரு ரிங். கட்.

ஒருவரும் எடுக்கவில்லை.

இஷாம் எழுந்து அடுத்த வாடிக்கு ஓடினான்.